சாளைக்குப் பின்னால் ஒரு நிலஅதிர்வுமானி: ஓராண்டுக்குப் பின் எழுதும் மதிப்புரை

திருச்செங்கோட்டுக்கு அருகில் உள்ள எங்கள் தோட்டத்துச் சாளையில் வைப்பதற்காக, வீட்டுப் பயன்பாட்டுக்கென்று விற்கப்படும் நிலஅதிர்வுமானி ஒன்றை 2025 பிப்ரவரியில் இணையவழியாக வாங்கினேன். சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் கூடு. அதற்குள் ஒரு ஜியோஃபோன், அது தரும் மின்துடிப்பை எண்களாக மாற்றும் பலகை, உள்ளங்கை அளவுக் கணினி, அடியில் மட்டம் பார்ப்பதற்கான திருகுகள், ஒரு சின்ன ரசமட்டக் குமிழ் ஆகியவை இருக்கின்றன. நடுத்தரமான ஒரு கைபேசிக்குக் கொடுக்கும் பணம்தான் இதற்கும் ஆயிற்று. விற்றவரின் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். ஏறக்குறைய இதே அமைப்பில் பலர் செய்து விற்கிறார்கள். நான் சொல்லப்போகும் நிறையும் குறையும் பெரும்பாலும் இந்த அமைப்புக்கு உரியவை.

முப்பது ஆண்டு பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். புவிக்குள் உருகிய கருவம் (நடுப்பகுதி) இருக்கிறது என்று பாடம் சொல்லும்போது, "உள்ளே போய்ப் பார்த்தவங்க யாருங்க சார்?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்காமல் இருந்ததில்லை. அதிர்வலைகளைக் கொண்டு கணிக்கிறார்கள் என்ற புத்தக விடையைத்தான் நானும் ஒவ்வோர் ஆண்டும் சொன்னேன். அந்த விடையை ஒரு முறையாவது கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையே ஓய்வு பெற்றபின் இதை வாங்க வைத்தது. ஆகவே இந்த மதிப்புரையும் அந்த அளவுகோலையே கையில் வைத்திருக்கிறது: பாறைக் கோள்களின் வயிற்றுக்குள் இருப்பதை ஆய்வாளர்கள் எப்படி அறிகிறார்கள் என்பதை ஒரு சாதாரண வீட்டில் இருந்துகொண்டு உணர்த்துவதற்கு இந்தப் பெட்டி உதவுமா, உதவாதா?

முதலில் அதன் உள்ளமைப்பு. ஜியோஃபோன் என்பது மிகப் பழைய, மிக எளிய கருவி. உருளைக்குள் ஒரு காந்தம் நிலையாக இருக்கும். அதைச் சுற்றிக் கம்பிச் சுருள் ஒன்று வில்லில் தொங்கும். தரை அசையும்போது காந்தம் தரையோடு அசைய, சுருள் அசையாமல் பின்தங்கும். அந்த வேறுபாட்டால் சுருளில் சிறு மின்னழுத்தம் தோன்றும். என் கருவி அதை விநாடிக்கு 100 முறை அளந்து எழுதிக்கொள்கிறது. எண்ணெய் தேடுபவர்கள் காடுமேடெல்லாம் நட்டுவைப்பது இதே வகையைத்தான். 1971இல் அப்பல்லோ 14 வீரர்கள் நிலவில் நட்டு, பக்கத்தில் சிறு வெடிகளை வெடித்துக் கேட்டதும் ஜியோஃபோன்களைக் கொண்டுதான். நிலவின் மேல்மண்ணில் அதிர்வு விநாடிக்குச் சுமார் 100 மீட்டர் மட்டுமே ஓடுகிறது என்று அவை காட்டின. எங்கள் தோட்டத்தின் கரும்பாறையில் அதே அதிர்வு விநாடிக்கு ஐந்தாறு கி.மீ. ஓடும். மண்ணுக்குக் கீழே எத்தனை தளர்ச்சி, எத்தனை இறுக்கம் என்பதை அலையின் வேகமே சொல்லிவிடுகிறது என்பதை இந்த ஓர் ஒப்பீட்டிலேயே பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிடலாம்.

வாங்கியவுடன் நான் செய்த முதல் தவறு, கருவியை மாடியறையில் புத்தக அலமாரிமேல் வைத்தது. இணைய இணைப்பும் மின்சாரமும் அங்கேதான் இருந்தன. ஒரு வாரம் முழுக்க, மின்விசிறியின் நடுக்கமும் மாடிப்படியில் ஏறி இறங்குபவர்களின் காலடியும் தவிர வேறொன்றும் பதிவாகவில்லை. பொருள் பழுது என்று விற்றவருக்குக் கடிதம்கூட எழுதிவிட்டேன். பழுது என்னிடத்தில்தான் இருந்தது. எனக்கு ஒரே ஆறுதல், அமெரிக்க விண்வெளி நிறுவனமும் இதே தவறைச் செய்திருக்கிறது என்பதே. 1976இல் செவ்வாயில் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களிலும் நிலஅதிர்வுமானிகள் இருந்தன. முதற்கலத்தின் கருவியில் பயணப் பூட்டு கழலவே இல்லை. இரண்டாவதின் கருவி வேலை செய்தது. ஆனால் அது தரையில் இல்லாமல் கலத்தின் மேல்தளத்தில் பொருத்தப்பட்டிருந்ததால், காற்றில் கலம் ஆடிய ஆட்டத்தைத்தான் பெரும்பாலும் பதிவு செய்தது. செவ்வாய் அதிர்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு உறுதியான விடை கிடைக்க அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2018 நவம்பர் 26 அன்று இறங்கிய இன்சைட் கலம், தன் அதிர்வுமானியை இயந்திரக் கையால் தூக்கித் தரையில் வைத்து, அதன்மேல் காற்றும் வெயிலும் படாதபடி ஒரு கவிப்பையும் மூடியது. 2019 ஏப்ரல் 6 அன்று முதல் செவ்வாய் நடுக்கம் பதிவானது.

நானும் கருவியைக் கீழே இறக்கினேன். எங்கள் பழைய கிணற்றுக்கு வடபுறத்தில், மண்ணே இல்லாமல் பாறை வெளியே தெரியும் இடம் ஒன்று உண்டு. வெங்கச்சங்கல் வரி ஓடும் அந்தப் பாறையில் முழங்கால் ஆழத்துக்குப் பழைய குழி ஒன்று இருந்தது. குழியின் அடியைச் சிமெண்டுப் பாலால் சமன் செய்து, கருவியை வைத்து, மேலே பழைய பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்து, சுற்றிலும் தெர்மோகோல் அடைத்தேன். கேபிள் காற்றில் ஆடினாலும் வெயிலில் நீண்டாலும் அந்த அசைவு கருவிக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே கேபிளையும் மண்ணுக்குள் புதைத்தேன். இன்சைட் குழுவினர் 2021இல் இதற்காகவே, இயந்திரக் கையில் மண்ணை அள்ளி அள்ளிக் கேபிள்மேல் கொட்டினார்கள் என்பதைப் பிறகு படித்துச் சிரித்துக்கொண்டேன். இடம் மாறியவுடன் கருவி வேறொன்றாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும். கருவியோடு வரும் கையேட்டில் இடத்தேர்வுக்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் கையேட்டில் பாதி அதற்கே போயிருக்க வேண்டும்.

கொங்கு நாட்டில் இந்தக் கருவியை வைப்பவர்களுக்கு ஒரு வரமும் ஒரு சாபமும் சேர்ந்தே கிடைக்கின்றன. வரம், பல இடங்களில் காலடிக்கு அருகிலேயே கிடைக்கும் கெட்டிப் பாறை. சாபம், தறி. எங்கள் தோட்டத்திலிருந்து முக்கால் கி.மீ. தள்ளி ஒரு தறி குடோன் இருக்கிறது. தரை எந்த வேகத்தில் நடுங்குகிறது என்பதை நிறங்களால் காட்டும் படத்தைக் கருவியோடு வரும் மென்பொருள் வரைந்து தருகிறது. அதில் இரவும் பகலும் அழியாத கோடு ஒன்று விநாடிக்கு 2.4 அதிர்வு என்ற அளவில் நின்றது. நிமிடத்துக்கு எத்தனை முறை நாடா ஓடுகிறது என்று தறிக்காரரிடம் கேட்டு, அறுபதால் வகுத்துப் பார்த்தபோது கணக்கு அப்படியே பொருந்திற்று. மின்மோட்டார்களின் கோடு 24 ஹெர்ட்ஸுக்கு அருகில் தனியாக நிற்கிறது. மாரியம்மன் நோம்பிக்குத் தறிகள் நின்ற மூன்று நாள்களில் அந்த இரண்டு கோடுகளும் மறைந்து, படம் கழுவிவிட்டதுபோல் தெளிந்தது. 2020இல் ஊரடங்கின்போது உலகம் முழுவதும் மனிதர்கள் எழுப்பும் நில இரைச்சல் 50 விழுக்காடு வரை குறைந்தது என்று கண்டவர்கள், ஆய்வுநிலையங்களின் பதிவுகளோடு இத்தகைய வீட்டுக் கருவிகளின் பதிவுகளையும் பயன்படுத்தினார்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், இன்சைட் நின்ற எலிசியம் சமவெளியிலும் தரை இதே 2.4 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்துகொண்டிருந்தது. அங்கே தறி ஏது? நடுக்கங்கள் வரும்போது அந்த அதிர்வு பெருத்தது. காற்று வீசுவதற்கு ஏற்ப அது கூடவோ குறையவோ இல்லை. கலத்துக்கு அடியில் கெட்டியும் தளர்ச்சியுமாக மாறி மாறிக் கிடக்கும் அடுக்குகளே அந்த ஒத்ததிர்வுக்குக் காரணம் என்று விளக்கினார்கள். இந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினால், இரைச்சலுக்கும் செய்திக்கும் உள்ள வேறுபாடு கேட்பவனின் கேள்வியில்தான் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது. எனக்கு இரைச்சல் தறி. தறிக்காரருக்கு இரைச்சல் நான்.

கல்குவாரி வெடிகளே இந்தக் கருவிக்கு எங்கள் பக்கத்தில் கிடைக்கும் சிறந்த பாடப்பொருள். வெடித்தவுடன் முதலில் வருவது அமுக்கி ஓடும் பி அலை. அதற்குப் பின்னால், குறுக்கே அசைந்தபடி மெதுவாக வருவது எஸ் அலை. இரண்டுக்கும் இடையே ஒரு விநாடி இடைவெளி இருந்தால் வெடித்த இடம் சுமார் 8 கி.மீ. தொலைவு என்று கொள்ளலாம். ஒரு மாதத்துப் பதிவுகளை இப்படிக் கணக்கிட்டு வட்டங்கள் வரைந்தேன். எங்களைச் சுற்றியுள்ள குவாரிகளில் மூன்று, அந்த வட்டங்களின்மேல் சரியாக வந்து உட்கார்ந்தன. ஆனால் வட்டத்தின் எந்தப் பக்கத்திலிருந்து அலை வந்தது என்பதை என் கருவியால் சொல்ல முடியாது. அது மேல்கீழ் அசைவை மட்டுமே அறியும். இந்த அமைப்பின் மிகப் பெரிய குறை என்று இதைத்தான் சொல்வேன். இன்சைட்டிலும் ஒரே ஒரு நிலையம்தான் இருந்தது. எனினும் அது மூன்று திசை அசைவையும் அளந்ததால், இடைவெளியிலிருந்து தொலைவையும் அசைவின் போக்கிலிருந்து திசையையும் கணித்து, முக்கிய நடுக்கங்கள் செர்பரஸ் ஃபோசே என்ற பிளவுப் பகுதியிலிருந்து வருவதைக் கண்டுகொண்டது. காசு கூடுதலானாலும் மூன்று திசை மாதிரியையே வாங்குங்கள் என்பது என் கருத்து.

ஒரு வெடி எங்கள் பாறையில் நான்கைந்து விநாடிகளில் அடங்கிவிடுகிறது. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 வீரர்கள் தாங்கள் ஏறிவந்த சிறுகலத்தை நிலவின்மேல் வேண்டுமென்றே மோதவிட்டபோது, தரையில் இருந்த கருவி ஏறத்தாழ ஒரு மணி நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது. காரணம் இரண்டு. நிலவின் மேலோடு கோடிக்கணக்கான ஆண்டுகளாக விண்கற்கள் மோதி நொறுங்கிக் கிடப்பதால் அலை உள்ளே சிதறிச் சிதறித் திரும்பி வருகிறது. ஈரம் என்பதே இல்லாததால் அலையின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ள ஆளில்லை. இங்கே பாறையின் பிளவுகளில் நீர் இருக்கிறது, மேலே ஈரமண் இருக்கிறது.

நீர் என்றவுடன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. இங்கிருந்து போகும் வண்டிகள் இந்தியா முழுவதும் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. ஆகவே பெட்டியைப் பார்த்த ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏனுங்க சார், எத்தன அடியில தண்ணி இருக்குதுன்னு இது சொல்லுமுங்களா?" சொல்லாது. நீரோட்டம் பார்ப்பதற்குத் தரையில் மின்சாரத்தைச் செலுத்தி மின்தடையை அளக்கும் வேறு முறை இருக்கிறது. அந்த ஆசையில் இதை வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். பக்கத்தில் ரிக் ஓடும் நாள்களில் பதிவு முழுவதும் கறுத்துப்போய்விடும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வாங்கிய பணத்துக்கு ஈடு கிடைத்த நாள்கள் இரண்டு. 2025 மார்ச் 28 அன்று முற்பகல் 11.50 மணிக்கு மியான்மரில் 7.7 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. 2,200 கி.மீ.க்கும் அப்பால் நடந்த அந்தப் பெருந்துயரத்தின் முதல் அலை, தறிகள் ஓடிக்கொண்டிருந்த நேரத்திலும் தறிக்கோட்டை மீறிக்கொண்டு ஐந்து நிமிடத்துக்குள் எங்கள் பாறைக்கு வந்து சேர்ந்தது. செய்தி வருவதற்கு முன்பே திரையில் அதைப் பார்த்துவிட்ட எனக்கு அன்று முழுவதும் மனம் நிலைகொள்ளவில்லை. அடுத்தது ஜூலை 30 விடியற்காலை, கம்சட்காவில் 8.8. சுமார் 8,500 கி.மீ. தொலைவு; பி அலை வர ஏறத்தாழ 12 நிமிடம், எஸ் அலை வர அதற்கும் மேல் 10 நிமிடம். அவ்வளவு தொலைவிலிருந்து வரும் அலை தரையோடு ஓடி வருவதில்லை. மேலோட்டுக்கும் கருவத்துக்கும் நடுவில் இருக்கும் புவியின் கவசத்துக்குள் ஆழமாக இறங்கி, வளைந்து, மேலேறி வருகிறது. இன்னும் தொலைவில் நடந்திருந்தால் கருவத்தின் நிழல் விழுந்து, நேர் அலை வராமலே போயிருக்கும். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றி, 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஓல்டாம், அலைகள் இப்படித் தாமதமாவதைக் கொண்டே 1906இல் புவிக்குக் கருவம் உண்டு என்று காட்டினார்.

செவ்வாயில் வேலை செய்ததும் அதே தருக்கந்தான். நடுக்கத்தின் எஸ் அலைகள் கீழே போய், எதிலோ மோதி, திரும்பி வந்தன. எஸ் அலை திரவத்துக்குள் நுழையாது. ஆகவே மோதிய இடம் உருகிய கருவத்தின் மேற்பரப்பு. 2021இல் கருவத்தின் ஆரம் சுமார் 1,830 கி.மீ. என்றார்கள். 2023இல், கருவத்துக்கு மேலே உருகிய பாறைப் படலம் ஒன்று இருப்பதைக் கணக்கில் சேர்த்து, கருவத்தை 1,650 முதல் 1,675 கி.மீ.க்குச் சுருக்கினார்கள். 2025 செப்டம்பரில், அதற்கும் உள்ளே சுமார் 600 கி.மீ. ஆரத்தில் திடமான உட்கருவம் இருக்கிறது என்று இன்னொரு குழு எழுதியது. இத்தனையும், 2022 டிசம்பரில் சூரியத் தகடுகளில் தூசு படிந்து ஓய்ந்துபோன ஒரே கலத்தின் பழைய பதிவுகளிலிருந்து வந்தவை. பதிவுகளை அழிக்காமல் சேர்த்து வைக்க வேண்டும் என்ற புத்தி எனக்கு இதைப் படித்தபின்தான் வந்தது. அதற்குள் முதல் இரண்டு மாதத்துப் பதிவு போய்விட்டது.

போனதற்குக் காரணம் கருவியின் இன்னொரு குறை. மின்சாரம் திடீரென்று நின்றால் நினைவக அட்டை கெட்டுப்போகிறது. ஆடிக்காற்றில் ஒரு நாளைக்கு நான்கு முறை மின்வெட்டு வரும் தோட்டத்தில் இது சிறிய குறை அன்று. தனி மின்சேமிப்பான் வாங்கி வைத்தபின் தொல்லை நின்றது. அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்ல அசையும் நீண்ட அலைகளுக்குக் கருவியின் காது சற்று மந்தம்; இது ஜியோஃபோனின் இயல்பு, குறை சொல்லிப் பயனில்லை. கூட்டின் கேபிள் துளை வழியாகக் கட்டெறும்புகள் புகுந்து குடியேறின. கையேடு முழுவதும் ஆங்கிலம். விற்றவர் கடிதங்களுக்குப் பதில் எழுத இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாலும், எழுதிய பதில் பொறுப்பாகவே இருந்தது.

பழைய மாணவர்கள் சிலரோடு கருவியைச் சித்தம்பூண்டிக்கும் ஒரு நாள் கொண்டுபோனேன். அங்கே கிடைக்கும் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறக் கல், நிலவின் மேட்டுநிலப் பாறைக்கு நெருங்கிய உறவு. சந்திரயான் கலத்தின் இறங்குகலத்தையும் உலாவியையும் சோதிப்பதற்கு இஸ்ரோ செய்த போலி நிலவுமண், சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையை இடித்துப் பொடித்து ஆக்கியது. நிலவு பிறந்த புதிதில் உருகிய பாறைக் கடலாக இருந்ததென்றும், அதில் எடை குறைந்த இந்தக் கல் பாலில் ஆடைபோல் மேலே மிதந்து மேலோடாயிற்றென்றும் கருதுகிறார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் இறங்கிய இடத்தில் பிரக்யான் அளந்த மண்ணும் அதற்கு ஒத்தே இருந்தது. விக்ரமில் சென்ற இல்சா என்ற அதிர்வுமானி ஏறத்தாழ 190 மணி நேரம் கேட்டு, 250க்கும் மேற்பட்ட அதிர்வுகளைப் பதிவு செய்தது. அவற்றில் சுமார் 50 மட்டுமே உலாவியின் ஓட்டத்தோடும் மற்றக் கருவிகளின் வேலையோடும் பொருந்தாமல் எஞ்சின. மீதி எல்லாம் வீட்டு இரைச்சல்தான். சித்தம்பூண்டிப் பாறைமேல் நாங்கள் பதிவு செய்ததும், ஓர் ஆட்டுமந்தையையும் இரண்டு டிப்பர் லாரிகளையும் தவிர வேறில்லை. பிள்ளைகள் ஏமாந்து போகவில்லை. எந்தக் கோடு ஆடு, எந்தக் கோடு லாரி என்று பிரித்துப் பார்ப்பதிலேயே பொழுது போய்விட்டது.

சொந்தமாகப் பாறைத்தரையோ கட்டடத்திலிருந்து தள்ளி ஒரு மூலையோ இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம். ஊருக்குள் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது விலை கூடிய காலடிமானி. தோட்டம் இருக்கும் பள்ளிகளுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கோயம்புத்தூரில் 1900 பிப்ரவரி 8 அன்று 6 அளவில் நிலநடுக்கம் வந்து தென்னிந்தியா முழுவதும் உணரப்பட்டது என்பதை இங்கே பலர் மறந்துவிட்டார்கள்; அந்த வகையிலும் ஊருக்கு ஒரு பதிவு இருப்பது நல்லது. நான் இப்போது மூன்று திசை மாதிரிக்குப் பணம் கட்டிவிட்டேன். கிணற்றுப் பாறையில் பழைய குழிக்குப் பக்கத்திலேயே புதுக்குழியும் வெட்டியாயிற்று. அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்துக்கு ரிக் வண்டி வருகிறதாம். ஆயிரம் அடி போடுவதாகப் பேச்சு. அது போகும்வரை குழியை மூடியே வைத்திருக்கிறேன்.